சித்தியின் லேப்டாப் மூலையில் ஒரு வரி

*சனிக்கிழமை*

[காலை 9:14] சித்தி: லேப்டாப் திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று சாம்பல் நிறத்தில் எழுத்து நிற்கிறது. எதைத் திறந்தாலும் அதன்மேல் தெரிகிறது. நேற்று இரவு வரை இல்லை. திங்கட்கிழமை வகுப்பு எடுக்க வேண்டும். என் பாடக் குறிப்பெல்லாம் போய்விடுமா?

[9:16] நான்: போகாது சித்தி. உங்கள் கோப்புகளை அது தொடாது. பாதுகாப்பு அப்டேட்டும் வந்துகொண்டுதான் இருக்கும். திரையின் பின்னணிப் படத்தையும் நிறத்தையும் மாற்றும் வசதிதான் பூட்டப்படும். பதறாதீர்கள்.

[9:19] அண்ணன்: இதற்கென்றே சின்ன மென்பொருள் ஒன்று இருக்கிறது. இறக்கி ஒருமுறை ஓட்டினால் அந்த எழுத்து மறைந்துவிடும். லிங்க் அனுப்பட்டுமா?

[9:20] நான்: வேண்டாம் அண்ணா. சித்தி, யார் அனுப்பினாலும் அதைத் திறக்காதீர்கள். நோய் என்னவென்று தெரியாமல் மருந்து வேண்டாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன். அங்கே இருப்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

[9:31] சித்தி: மேலே 'விண்டோஸ் 11 புரோ'. ஆக்டிவேஷன் நிலை 'நாட் ஆக்டிவ்'. பிழை எண் 0எக்ஸ்சி004எஃப்074.

[9:33] நான்: அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஒரே சர்வர் உரிமம் வழங்கும். அந்தச் சர்வரைத் தேடிக் கிடைக்காதபோது வரும் எண் இது. வீட்டு லேப்டாப்புக்கு அப்படி ஒரு சர்வரோடு வேலையே இல்லை. வாங்கியபோது தந்த பில் இருக்கிறதா?

[9:47] சித்தி: இருக்கிறது. 'விண்டோஸ் 11 ஹோம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஹோம் எப்படி புரோ ஆனது?

[9:48] நான்: இடையில் பழுது பார்க்கக் கொடுத்தீர்களா?

[9:50] சித்தி: ஆறு மாதத்துக்கு முன் ஹார்ட் டிஸ்க் பழுதானது. புதிய எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸும் போட்டுத் தந்தார்கள்.

[9:52] நான்: விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தைச் சேர்த்து அழுத்துங்கள். சிறு பெட்டி வரும். அதில் எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு, டிஎல்ஐ. எல்லாம் சிறிய ஆங்கில எழுத்துகளில். எண்டர் அழுத்திவிட்டுச் சில நொடி பொறுங்கள்.

[10:05] சித்தி: இரண்டு முறை தப்பாக அடித்துவிட்டேன். இப்போது வந்தது. விளக்கம் என்ற வரியில் 'வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்' என்று இருக்கிறது.

[10:06] நான்: அதேதான். கேஎம்எஸ் என்பது நான் சொன்ன அந்த அலுவலகச் சர்வர் முறை. அந்த வகை ஆக்டிவேஷன் 180 நாள்தான் செல்லும். அதற்குள் சர்வரோடு பேசிப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் லேப்டாப்புக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது.

[10:09] பெரியப்பா: அப்படியானால் விண்டோஸுக்குப் புதிய உரிமக் கீ ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமே? நான் பணம் அனுப்புகிறேன் அம்மா.

[10:17] நான்: பெரியப்பா, வாங்கவே வேண்டாம். சித்தி ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய உரிமம் அந்த லேப்டாப்பிலேயே இருக்கிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, தயாரிப்பாளர்கள் 25 எழுத்துக் கீயை மதர்போர்டின் சிப்பிலேயே பதித்து அனுப்புகிறார்கள். அதனால்தான் அடிப்பக்க ஸ்டிக்கரில் இப்போது கீ இருப்பதில்லை. எஸ்எஸ்டி மாற்றினால் அது போகாது. மதர்போர்டை மாற்றினால்தான் சிக்கல். ஆனால் பதிந்திருப்பது ஹோம் பதிப்புக்கான கீ. இப்போது ஓடுவது புரோ பதிப்பு. பூட்டு வேறு, சாவி வேறு. ஹோமிலிருந்து புரோவுக்கு ஏறலாம். புரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க வேண்டுமானால் விண்டோஸைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

[10:18] நான்: சித்தி, இன்னும் ஒன்று. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளின் கடைசியில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்று இருக்கும், சோதிக்காமல் விட வேண்டியவற்றின் பட்டியல் அது. அங்கே ஏதாவது இருக்கிறதா?

[10:26] சித்தி: சி டிரைவில் ஏதோ ஒரு ஃபோல்டரின் பெயர் இருக்கிறது. நான் போட்டது இல்லை.

[10:29] நான்: அண்ணா, இதற்காகத்தான் வேண்டாம் என்றேன். பழுது பார்த்தவர்களும் நீங்கள் சொன்னது போன்ற ஒன்றைத்தான் ஓட்டியிருக்க வேண்டும். அந்த மாதிரி மென்பொருள் தன்னை ஆன்டிவைரஸ் பார்க்கக் கூடாது என்று முதலில் கதவைத் திறந்துவைத்துக்கொள்கிறது. அதன் பிறகு அந்த ஃபோல்டருக்குள் எது வந்து உட்கார்ந்தாலும் விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் எட்டிப் பார்க்காது. சித்தி இந்த லேப்டாப்பில்தான் வங்கிக் கணக்கைத் திறக்கிறார். எனக்கு அந்த மூலை எழுத்தைவிட இதுதான் கவலையாக இருக்கிறது.

[10:33] அண்ணன்: இது எனக்குத் தெரியாது. நானும் என் கணினியில் அந்தப் பட்டியலைப் பார்க்கிறேன்.

[10:35] நான்: பாருங்கள் அண்ணா. சித்தி, அதுவரை அதில் வங்கி வேலை வேண்டாம். பாடக் குறிப்பு, படங்கள் மட்டும் வெளி டிரைவில் எடுத்து வையுங்கள். டெஸ்க்டாப்பையும் டவுன்லோட்ஸையும் மறக்க வேண்டாம். நிறுவும் கோப்பு எதையும் எடுக்காதீர்கள். நாளைக் காலை நான் வருகிறேன்.

*ஞாயிற்றுக்கிழமை*

[மதியம் 12:40] நான்: மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, எஸ்எஸ்டியை முழுவதும் துடைத்துவிட்டு நிறுவினேன். கீ கேட்கவே இல்லை. ஹோம் என்று தானாகவே எடுத்துக்கொண்டது.

[12:52] பெரியப்பா: அந்த எழுத்து?

[12:53] சித்தி: இல்லை அத்தான். வைஃபை இணைத்ததும் 'ஆக்டிவ்' என்று பச்சை அடையாளத்தோடு வந்துவிட்டது. கீழே 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்றும் இருக்கிறது.

[12:55] நான்: இப்போது வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் புதிய கடவுச்சொல் சித்தி. மின்னஞ்சலை முதலில் மாற்றுங்கள், மற்ற எல்லாவற்றையும் மீட்பது அதன் வழியாகத்தான்.

[1:20] சித்தி: இரண்டையும் மாற்றிவிட்டேன். குறிப்பெல்லாம் பத்திரமாக இருக்கிறது தம்பி.

[1:34] அண்ணன்: என் பட்டியலிலும் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அந்தப் பென்டிரைவை அழித்துவிடாதே, மாலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.