புதுப்பிப்பு: பலம் குறைந்த பேஸ் பெட்டி, கோளாறு கண்டுபிடித்தாகிவிட்டது

ஆறு ஆண்டுகளாக மெல்லிசைக் கச்சேரிகளுக்குத் தூக்கிச் செல்லும் என் பேஸ் கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி (பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு, மொத்த மின்தடை 8 ஓம்) திடீரென்று பாதி பலம் இழந்துவிட்டதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். ஆம்ப்ளிஃபயரை மாற்றியும் அதே கதைதான். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

"எதையும் கழற்றும் முன் மல்டிமீட்டரை (மின்தடை அளக்கும் கருவி) வையுங்கள்" என்றவர் சொன்னதுதான் பலித்தது. 8 ஓம் பெட்டி மீட்டரில் ஏறக்குறைய 6 காட்ட வேண்டும், என்னுடையது 11.8 காட்டியது. உள்ளே ஸ்பீக்கர்கள் இரண்டிரண்டாகத் தொடரிலும், அந்த இரு ஜோடிகள் பக்க இணைப்பிலும் இருக்கின்றன. ஒன்றின் கம்பி விட்டுப்போனால் அதன் ஜோடியும் ஊமையாகிவிடும், மீட்டர் அளவும் இரட்டிப்பாகிவிடும். பின்னால் பார்த்தால், செருகு கவ்வி ஒன்று கழன்று பஞ்சுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. வேன் குலுக்கல்தான் காரணமாக இருக்க வேண்டும். புது ஸ்பீக்கருக்கு விலை விசாரித்து வைத்திருந்தேன், நல்லவேளை!

எதிர்பாராதது அடுத்து நடந்தது. கம்பியைப் பற்றவைத்ததும் சத்தம் வந்தது, ஆனால் அடி கனம் இல்லை. நான்கு கூம்புகளும் ஒரே திசையில் அசைகின்றனவா என்று அறிய, 9 வோல்ட் பேட்டரியைப் பெட்டியின் உள்ளீட்டில் ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். மூன்று கூம்புகள் வெளியே வந்தன, ஒன்று உள்ளே போனது; அந்த ஒன்று மற்றவற்றின் அடி ஒலியைக் கரைத்துக்கொண்டிருந்தது. கூட்டல், கழித்தல் முனைகளை நானே மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன். திருப்பிப் போட்டதும் மிகத் தாழ்ந்த 'E' தந்தி (41 ஹெர்ட்ஸ்) பழையபடி நெஞ்சில் இடிக்கிறது.

அதன்பின் மூன்று கோயில் திருவிழாக்கள் வாசித்துவிட்டேன். மீட்டர் இன்னும் 5.9 காட்டுகிறது.