டிரான்சிஸ்டர் பயாஸ்: பகுப்பான் மின்தடைகளை எவ்வளவு உயர்த்தலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். வீணையில் ஒட்டும், அதிர்வை மின்சைகையாக மாற்றும் பீசோ உணரிக்கு ஒரு முன்பெருக்கி அமைக்க, ரிச்சி தெருவில் பிசி 547 டிரான்சிஸ்டர்கள் வாங்கினேன். 12 வோல்ட் மின்வழங்கியில், பேஸுக்கு 1 மெகா ஓம், கலெக்டருக்கு 2.7 கிலோ ஓம் என நிலைப் பயாஸில் (பேஸுக்கு ஒரே மின்தடை வழியே மின்னோட்டம் தந்து டிரான்சிஸ்டரை இயங்கு நிலையில் வைக்கும் முறை) இணைத்தபோது, மின்னோட்டப் பெருக்கம் 200 உள்ள டிரான்சிஸ்டரில் கலெக்டர் ஏறத்தாழ 6 வோல்ட்டில் நின்றது. 450 உள்ளதைச் செருகியதும் 0.2 வோல்ட்டுக்கும் கீழிறங்கித் தெவிட்டு நிலைக்கு (முழுதாகக் கடத்தி, மேலும் பெருக்க இயலாத நிலை) சென்றுவிட்டது. பெருக்கம் 110 முதல் 800 வரை மாறக்கூடிய டிரான்சிஸ்டருக்கு இந்த முறை பொருந்தாது என்பதே என் கருத்து.

ஆகவே 47, 10 கிலோ ஓம் மின்னழுத்தப் பகுப்பானும், கலெக்டரில் 3.3, எமிட்டரில் 1 கிலோ ஓமும் வைத்தேன். எமிட்டர் 1.4 வோல்ட் அளவில் நிற்பதால், பேஸ்–எமிட்டர் மின்னழுத்தம் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் குறையும் சென்னை வெயிலிலும் இயங்கு புள்ளி (சைகை இல்லாதபோது நிற்கும் மின்னோட்ட, மின்னழுத்த நிலை) பெரிதாக நகர்வதில்லை. ஆனால், எமிட்டருக்கு இணையாக மின்தேக்கி இல்லாததால் பேஸின் உள்ளீட்டு மின்தடை 200 கிலோ ஓம் அளவில் இருந்தும், பகுப்பான் அதை 8 கிலோ ஓமாகக் குறைத்துவிடுகிறது; பீசோ ஒரு சிறு மின்தேக்கி போல் இயங்குவதால், அதன் தாழ்ந்த சுரங்கள் மெலிந்துபோகின்றன.

பகுப்பானை 470, 100 கிலோ ஓமாக உயர்த்தினால், அந்த இரு டிரான்சிஸ்டர்களிடையே கலெக்டர் மின்னோட்டம் 1.0, 1.2 மில்லி ஆம்பியர் என வேறுபடும். இதை ஏற்கலாமா, அல்லது எமிட்டர் சைகையைப் பகுப்பானுக்குத் திருப்பித் தந்து உள்ளீட்டு மின்தடையை உயர்த்தும் பூட்ஸ்ட்ராப் மின்தேக்கி சேர்ப்பது நல்லதா? செய்து பார்த்தவர்கள் மின்தடை மதிப்புகளுடன் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.