கடைக் கணினியில் தமிழ், போனில் குப்பை எழுத்து: இரண்டு வரி மட்டும் தப்பித்தது எப்படி?

அச்சுமை:
வணக்கம். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். பதினைந்து வருடமாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் டைப் செய்கிறேன். கடைக்கு நாலு பக்கத்தில் ஒரு இணையதளம் வேண்டும் என்று, பக்கம் வடிவமைக்கக் கையில் இருந்த மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பப்ளிஷர் 2007-லேயே வடிவமைத்து ஏற்றினேன். கடைக் கணினியில் நான் வைத்தது வைத்தபடி வருகிறது. போனில் திறந்தால் கடைப் பெயரும் அதற்குக் கீழே ஒரு வரியும் மட்டும் தமிழ்; மற்றதெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். எல்லாமே ஒரே எழுத்துரு. இரண்டு நாளாக மண்டை காய்கிறது. எழுத்துருக் கோப்பையே சர்வரில் ஏற்றியும் பார்த்துவிட்டேன், பலனில்லை.

புள்ளிக்கோலம்:
அந்த இரண்டு வரிக்கும் பின்னால் படமோ வண்ணப் பெட்டியோ இருக்கிறதா சார்? கணினியில் கடைப் பெயரை மவுஸால் இழுத்துப் பாருங்கள். எழுத்து எழுத்தாகப் பிடிபடுகிறதா, மொத்தமும் ஒரே கட்டமாக நீலமாகிறதா?

அச்சுமை:
ஒரே கட்டமாக. பின்னால் பிள்ளையார் படம் இருக்கிறது. கீழ் வரியின் பெட்டியும் படத்தின் ஓரத்தில் லேசாக ஏறியிருக்கிறது, ஒரு மில்லிமீட்டர் இருக்கும்.

புள்ளிக்கோலம்:
அந்த ஒரு மில்லிமீட்டர்தான். சரியாகத் தெரிகிற இரண்டும் எழுத்தே இல்லை, படம். எழுத்துப் பெட்டி இன்னொரு பொருளின் மேல் ஏறியிருந்தால், இணையப் பக்கமாக மாற்றும்போது பப்ளிஷர் அதைப் படமாக்கிவிடும். சாய்த்து வைத்த பெட்டிக்கும் இதே கதி. படத்துக்கு எழுத்துரு தேவையில்லை, அதனால் போனிலும் தமிழாகவே தெரிகிறது.

மற்ற பெட்டிகள் எழுத்தாகவே போயிருக்கின்றன. பாமினியில் நீங்கள் ‘வணக்கம்’ அடித்தால் கோப்பில் பதிவாவது டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி. அதற்குத் தமிழ் முகம் போடுவது உங்கள் கணினியில் இருக்கும் எழுத்துரு. போனில் அது கிடையாது. சர்வரில் சும்மா போட்டுவைத்தாலும் உலாவி அதைத் தேடிப் போகாது. எங்கே இருக்கிறது என்று பக்கத்தின் நிரலில் எழுத வேண்டும். பப்ளிஷர் அதை எழுதுவதில்லை.

அச்சுமை:
அப்படியானால் எல்லாப் பெட்டி மேலும் ஒரு காலிப் பெட்டியை ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததா?

புள்ளிக்கோலம்:
முடியும், ஆனால் செய்யாதீர்கள்! தேடுபவர்களுக்கு உங்கள் பக்கம் அகப்படாது, போன் எண்ணை யாரும் நகலெடுக்க முடியாது, பெரிதாக்கினால் மங்கும். என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒரு மாற்றியில் பாமினியை யூனிகோடாக்கி (கோப்பிலேயே தமிழ் எழுத்தாகப் பதிவாகும் பொது முறை அது), லதா எழுத்துருவில் ஒட்டுங்கள். மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்றிக்குள் போட்டுவிடாதீர்கள். அதையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். ஜிமெயில் எனக்கு ‘பஅயடை’ ஆனது.

அச்சுமை:
மாற்றிவிட்டேன், போனில் தமிழ் வருகிறது! ஆனால் புதுத் தலைவலி. ‘எங்கள் வேலைகள்’ பெட்டியின் கடைசி வரி, கீழே இருக்கும் விலைப்பட்டியல் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஒற்றைக்கொம்பு:
நடுவில் நுழைகிறேன். லதா அகலமான எழுத்து, அதே பத்தி கூடுதலாக ஒரு வரி பிடிக்கும். பப்ளிஷர் ஒவ்வொரு பெட்டியின் இடத்தையும் அளவையும் எண்ணாக எழுதி ஆணி அடித்துவிடுகிறது. மேலே எழுத்து நீண்டால் கீழே இருக்கும் பெட்டி நகர்ந்து கொடுக்காது. போனில் இருக்கும் எழுத்துரு வேறு என்பதால் அங்கே இன்னும் முன்பின்னாக இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்குக் கீழேயும் இரண்டு வரிக்கு இடம் விடுங்கள். போனில் எழுத்து எறும்பு மாதிரித் தெரிந்தால், பக்க அகலம் 760 பிக்சல் என்று நிற்பதுதான் காரணம். போன் மொத்தப் பக்கத்தையும் சுருக்கிக் காட்டுகிறது. பப்ளிஷருக்குள் அதற்கு மருந்து இல்லை.

உண்மையைச் சொன்னால் இது நெடுநாள் ஓடாது சார். பப்ளிஷர் 2010-லேயே புதிதாக இணையதளம் தொடங்கும் வசதியை எடுத்துவிட்டார்கள். 2026 அக்டோபரோடு பப்ளிஷருக்கான ஆதரவே முடிகிறது. யூனிகோடாக்கியதை ஒரு நோட்பேட் கோப்பில் பத்திரமாக வையுங்கள். தளத்தை நாளைக்கு எதில் கட்டினாலும் அது அப்படியே போகும்.

அச்சுமை:
இடம் விட்டு மறுபடி ஏற்றினேன், வரி எதுவும் மோதவில்லை. நோட்பேடிலும் சேமித்தாயிற்று. பிள்ளையாரை நகர்த்த மட்டும் மனசு வரவில்லை, கடைப் பெயர் படமாகவே இருக்கட்டும். அடியில் முகவரியோடு சேர்த்து அதை ஒரு முறை எழுத்தாகவும் அடித்துவிட்டேன்.