யஸ்த் நகரின் கனாத்துகள்: பம்பு இல்லாத காலத்தில் பாலைக்கு நீர் வந்தது எப்படி?

வறண்டநிலம் கேட்கிறார்:

மத்திய ஈரானின் யஸ்த் நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 60 மில்லிமீட்டர் அளவுதான் என்று படித்தேன். அருகில் வற்றாத ஆறும் இல்லை. அப்படியிருந்தும் அந்நகரம் பல நூற்றாண்டுகளாக மக்கள் நிறைந்தும், சுற்றுப்புறம் மாதுளைத் தோட்டங்களோடும் இருந்து வந்திருக்கிறது. இதற்குக் கனாத்து எனப்படும் நிலத்தடிக் கால்வாய்களே காரணம் என்கிறார்கள். பல கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தை, கருவிகள் அதிகம் இல்லாத காலத்தில், சாய்வு பிசகாமல் எப்படி வெட்டினார்கள்? வந்த நீரை எப்படிப் பங்கிட்டார்கள்? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை என்பதற்குச் சான்று உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கிணற்றடி:

கனாத்து நீரை மேலே ஏற்றுவதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். யஸ்துக்குத் தென்மேற்கே 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஷீர்கூஹ் மலையில் பனி உருகி அடிவாரத்து மண்ணுக்குள் இறங்குகிறது. அந்த நிலத்தடி நீரின் மட்டம், தொலைவிலுள்ள சமவெளியின் தரைமட்டத்தைவிட உயரமானது. ஆகவே லேசான சாய்வில் ஒரு சுரங்கம் அமைத்துவிட்டால் நீர் தானாகவே நடந்து வந்து வெளிப்பட்டுவிடும்.

வேலை அடிவாரத்தில் தொடங்கும். முகன்னி என்று அழைக்கப்படும் கனாத்துத் தொழிலாளர்கள் அங்கே ஒரு சோதனைக் கிணறு தோண்டி, நல்ல ஊற்று கண்டால் அதையே தாய்க்கிணறாகக் கொள்வார்கள். அதன் ஆழத்தைக் கயிற்றால் அளந்துகொண்டு, சமவெளியை நோக்கி நடந்தபடியே தரை எவ்வளவு தாழ்கிறது என்பதை மட்டம் பார்த்துக் கூட்டிக்கொண்டே போவார்கள். தாழ்வின் கூட்டுத்தொகை தாய்க்கிணற்றின் ஆழத்தையும் சுரங்கத்துக்கு வேண்டிய சிறு சாய்வையும் எட்டும் இடத்தில் நீர் வெளிவரும் வாய் அமையும். இடையிலுள்ள ஒவ்வொரு கிணறும் எத்தனை ஆழம் இறங்க வேண்டும் என்பதும் இதே கணக்கிலிருந்து கிடைத்துவிடும். சாய்வு கூடினால் நீரின் வேகம் சுரங்கத்தை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துவிடும்.

சுரங்கத்தை வாய்ப்பக்கமிருந்து மலையை நோக்கியே குடைவார்கள். எதிர்ப்படும் நீர் பின்னால் வடிந்துவிடுவதால் வேலை செய்பவர் மூழ்கும் ஆபத்து குறைகிறது. எண்ணெய் விளக்குகளை வரிசையில் வைத்து நேர்கோடு பார்ப்பார்கள். சுடர் மங்கினால் நல்ல காற்று குறைந்துவிட்டது என்று அறிந்து வெளியேறுவார்கள். இளகிய மண்ணில் சுட்ட களிமண் வளையங்களைப் பொருத்திக் கூரையைத் தாங்கச் செய்வார்கள். வெட்டிய மண் இடைக்கிணறுகள் வழியே ராட்டினத்தில் மேலேறும். வானிலிருந்து பார்க்கும்போது பாலையில் வரிசையாகத் தெரியும் வட்ட மண்மேடுகள் இவைதான். வடகிழக்கு ஈரானிலுள்ள கொனாபாத் ஊரின் கஸபே கனாத்தில் தாய்க்கிணறு ஏறத்தாழ 300 மீட்டர் ஆழம். கனாத்தின் நீளம் 33 கிலோமீட்டர். மண்வெட்டியையும் விளக்கையும் வைத்துக்கொண்டு மனிதர்கள் அந்த ஆழத்துக்கு இறங்கினார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் அவர்கள்மீது எனக்கு வணக்கம் மேலிடுகிறது.

முறைநீர்:

பங்கீட்டைப் பற்றிச் சொல்கிறேன். நீர்ப்பங்கு நிலத்திலிருந்து தனியான உடைமையாக இருந்தது. அதை விற்கலாம், மரபுரிமையாக விடலாம், அறக்கொடையாகவும் எழுதி வைக்கலாம். பங்கை அளக்க, அடியில் நுண்துளையிட்ட செப்புக் கிண்ணத்தைப் பெரிய நீர்ப்பாத்திரத்தில் மிதக்க விடுவார்கள். அது நிரம்பி மூழ்கும் நேரமே ஓர் அலகு. நம்முடைய பழைய நாழிகை வட்டிலை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மீராப் என்ற நீர் மேலாளர், நம் ஏரிகளின் நீரைப் பங்கிடும் நீர்க்கட்டியைப் போலவே, முறை வைத்து மடை திறப்பார். குடிநீர் எடுப்பது வாய்க்காலின் மேற்பகுதியிலும், துவைப்பது கீழ்ப்பகுதியிலும் நடக்கும்.

பழைய ஏடு:

பழமைக்குச் சான்று உண்டு. மேற்காசியாவை ஆண்ட செலூக்கிய மரபின் மன்னர் மூன்றாம் அந்தியோக்கஸ் கி.மு. 209இல் வடகிழக்கு ஈரானின் பார்த்தியர்மீது படையெடுத்ததை விவரிக்கும் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ், அந்தப் பாலைவழியில் இருந்த நிலத்தடிக் கால்வாய்களையும் அவற்றின் கிணறுகளையும் குறிப்பிடுகிறார். முன்பு நீர் இல்லாதிருந்த இடத்துக்கு ஊற்றுநீரைக் கொண்டுவருபவர் ஐந்து தலைமுறைக்கு அந்நிலத்தைப் பயிரிடலாம் என்று பாரசீகர் தம் ஆட்சிக்காலத்தில் உரிமை வழங்கியிருந்தார்கள் என்பதையும் அவரே பதிவு செய்கிறார். படை முன்னேறாமலிருக்கப் பார்த்திய அரசர் கிணறுகளை மூடச் சொன்னார். அதைத் தடுக்க அந்தியோக்கஸ் குதிரைப்படையை அனுப்பினார். பிற்காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கணித அறிஞர் அல்-கரஜி மறைந்திருக்கும் நீரை வெளிக்கொணர்வது பற்றி அரபு மொழியில் தனிநூலே எழுதினார். இந்தியாவிலும் பஹ்மனி சுல்தான்களின் தலைநகரான பீதரில் இதே முறையில் வெட்டிய, காரீஸ் எனப்படும் நிலத்தடிக் கால்வாய் இருக்கிறது.

வறண்டநிலம்:

மூவருக்கும் நன்றி. இவ்வளவு சிறந்த ஏற்பாடு இப்போது ஏன் நலிந்து வருகிறது என்பதையும் சொல்ல முடியுமா?

கிணற்றடி:

1960களில் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. 1962இல் தொடங்கிய நிலச்சீர்திருத்தத்தால், பராமரிப்புச் செலவை ஏற்றுவந்த பெரிய நிலவுடைமையாளர்களின் நிலை மாறியது; தூர்வாரும் பொறுப்பு பல கனாத்துகளில் யாருக்கும் உரியதாக இல்லாமல் போனது. நிலச்சீர்திருத்தம் குடியானவர்களுக்கு வேண்டிய ஒன்றே என்றாலும், கனாத்துகளுக்கு மாற்று ஏற்பாடு செய்யாததுதான் குறை என்பது என் கருத்து. அதே காலத்தில் ஆழ்துளைக் கிணறுகளும் பம்புகளும் பரவின. கனாத்து, நீர்மட்டம் தன் சுரங்கத்துக்கு மேல் நிற்கும்வரை மட்டுமே நீர் எடுக்கும். பம்புக்கு அந்த வரம்பு இல்லை. நீர்மட்டம் சுரங்கத்துக்குக் கீழே இறங்கியதும் பல கனாத்துகள் அப்படியே காய்ந்தன.

இன்று யஸ்துக்கு இஸ்ஃபஹான் பகுதியின் ஸாயந்தே ரூத் ஆற்றிலிருந்து குழாய் வழியே நீர் வருகிறது. அந்த ஆறே பல மாதங்கள் வறண்டு கிடப்பதால் இஸ்ஃபஹான் உழவர்கள் நீர் கொண்டுபோவதை எதிர்த்துப் போராடியிருக்கிறார்கள்; இரு பக்கத்தாரின் துயரமும் உண்மையானது.

முறைநீர்:

ஒன்று சேர்க்கிறேன். யுனெஸ்கோ 2016இல் பதினொரு பாரசீகக் கனாத்துகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. யஸ்தின் ஸார்ச் கனாத்தும் அவற்றில் ஒன்று. அது அந்நகரத்து வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலின் அடியிலும் செல்கிறது. முற்றத்திலிருந்து கீழே இறங்கும் படிகளை இன்றும் பார்க்கலாம். யஸ்துக்குச் செல்பவர்கள் அதைத் தவறவிட வேண்டாம்.