ஏற்காட்டில் பிள்ளைகள் முகாம்: குறைந்த வாடகைக்கு இடம் தேவை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மே மாதம் எங்கள் சபைப் பிள்ளைகள் 60 பேரை மூன்று நாள் முகாமுக்கு ஏற்காடு கூட்டிப்போகிறோம். புறப்படுவது சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து. தலைக்கு 600 ரூபாய்க்கு மேல் வாங்க மனசில்லை, பாதிப் பேர் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள்.

சாப்பாட்டுச் செலவைக் குறைத்துவிட்டோம். அரிசி, பருப்பு வீட்டுக்கு வீடு தருகிறார்கள், காய்கறி உழவர் சந்தையில், சமையல் சபைத் தாய்மார்கள். கைவேலைக்குப் பழைய காலண்டர் அட்டைகள் சேர்த்தாயிற்று.

இடிப்பது தங்குமிடம்தான். கோடை விழா சமயம், விடுதிகளில் கேட்கிற வாடகை கட்டுப்படியாகவில்லை. ஏப்ரலுக்கு மாற்றலாமென்றால் பரீட்சை. சேலத்திலேயே தங்கி தினமும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினால் பஸ் வாடகை எகிறும், சின்னப் பிள்ளைகள் வாந்தி எடுத்தே சோர்ந்துவிடுவார்கள்.

பாய், போர்வை, பாத்திரம் எல்லாம் நாங்களே கொண்டுவருவோம். ஒரு ஹால், தண்ணீர், பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை உள்ள சர்ச் வளாகமோ பள்ளியோ ஏற்காட்டில் குறைந்த வாடகைக்குக் கிடைக்குமா?