எஸ்.பி. ரோடு சர்வர் போர்டு வீட்டு கேபினெட்டுக்கு ஆகுமா?

கேள்வி: பெங்களூரு எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் எல்ஜிஏ 2011-3 (இன்டெல் சிபியு சாக்கெட் வகை) இரட்டை சாக்கெட் சர்வர் போர்டு மலிவாகக் கிடைக்குது. கைவசம் ஏடிஎக்ஸ் (வழக்கமான டெஸ்க்டாப் போர்டு அளவு) கேபினெட்டும் டெஸ்க்டாப் டிடிஆர்4 ரேமும் இருக்கு. போதுமா?

பதில் 1: ரேம்தான் சிக்கல். இதுக்கு ரெஜிஸ்டர்டு ஈசிசி ரேம் (பிழை திருத்தும் சர்வர் ரேம்) வேணும். ரெண்டுக்கும் 288 பின் என்பதால் உங்க ரேம் ஸ்லாட்டில் அழகா உட்காரும், ஆனா பூட் ஆகாது. ரெண்டு வகையையும் கலக்கவும் முடியாது.

பதில் 2: வாங்கும் முன் டேப் வைத்து அளங்க. ஏடிஎக்ஸ் 12 × 9.6 அங்குலம், இந்த வகை போர்டு பல 12 × 13. கேபினெட்டில் போர்டைத் தாங்கும் உலோக ஸ்டாண்டாஃபில் உபரியானதைக் கழற்றலேன்னா பின்பக்கம் ஷார்ட். எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) 8 பின் சிபியு கனெக்டர் ரெண்டு இருக்கா? கூலர் துளையும் பாருங்க: 80 × 80 மி.மீ., இல்லேன்னா 56 × 94.

பதில் 3: பிஎம்சி (போர்டைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் சிப்) பாஸ்வேர்டை ரீசெட் செய்து தரச் சொல்லுங்க. ஆடியோ இருக்காது.