அங்கே வீடு விற்ற கதை, இங்கே வீடு தேடிய கதை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

செந்தூல்காரன்:

என் அக்காவுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உங்கள் கதையைப் போடுங்கள்.

அக்காவும் மச்சானும் நம்ம ஊர்க்காரர்கள்தான், மலேசிய இந்தியர்கள். சிங்கப்பூரில் வேலை, இருவருக்கும் பிஆர் (நிரந்தரவாசத் தகுதி). 2009-இல் செங்காங்கில் மறுவிற்பனைக்கு வந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அரசு) வீடு ஒன்றை வாங்கினார்கள். நாலறை, பதினோராவது மாடி. 2018-இல் மச்சானின் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சரி, வீட்டை விற்றுவிட்டு கோலாலம்பூருக்கே வந்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள்.

முதல் சனிக்கிழமையே ஒரு சீனத் தம்பதி பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் சமையலறை அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார், குழாயைத் திருகினார், மாலை வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று கேட்டார். சும்மா பார்க்க வருகிறவர் குழாயைத் திருகமாட்டார். விலையும் படிந்தது. ஏஜெண்டு கைப்பேசியில் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) எண்ணைப் போட்டார், விற்பவர் என்ன இனம், வாங்குபவர் என்ன இனம் என்று போட்டார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த புளோக்கில் சீனருக்கான இன அளவு நிரம்பிவிட்டது. போன மாதம் வரை இடம் இருந்ததாம். அந்தக் கணக்கு ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி மாறும்.

தெரியாதவர்களுக்காக: இது 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை. 1964 இனக் கலவரத்தைப் பார்த்த நாடு. வீவக பேட்டைகளில் ஒவ்வொரு இனமும் தனித்தனியாகக் கூடி வாழத் தொடங்கியதைப் பார்த்துப் பயந்துதான் கொண்டுவந்தார்கள். அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்து அதை அறிவித்தவர் எஸ். தனபாலன், நம்மவர். ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு வரை, மலாய்க்காரர் 25 வரை, இந்தியரும் பிறரும் சேர்ந்து 15 வரை இருக்கலாம் (2010 வரை இது 13). ஓர் இனத்தின் அளவு நிரம்பிவிட்டால் அந்த இனத்தார் வேறு இனத்தாரிடம் வாங்க முடியாது, சொந்த இனத்தாரிடம் வாங்கலாம். அதாவது சீனர் சீனருக்கு எப்போதும் விற்கலாம். மாட்டிக்கொள்வது என் அக்காவைப் போன்றவர்கள். வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் சீனர். அவர்கள் வர முடியாது என்றால் விலை தானாக இறங்கும்.

"டேய், வீடு என் வீடு. ஆனா விக்கிறதுக்கு ஜாதகப் பொருத்தம் பாக்கணுமாம்" என்றாள் போனில். அதற்குப் பிறகு ஒன்றாம் தேதி வந்தால் கார்த்திகை விரதக்காரி மாதிரி காலையில் எழுந்து அந்தப் பட்டியலைப் பார்ப்பாள். ஏழு மாதம் கழித்து ஓர் இந்தியக் குடும்பத்துக்கு விற்றாள். அந்தச் சீனத் தம்பதி சொன்ன விலையைவிட 28,000 டாலர் குறைவு.

இங்கே வந்ததும் வாடகை வீடு தேடும் பொறுப்பு என்னுடையது. செத்தாப்பாக்கில் ஒரு கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு), விளம்பரத்தில் எண் இருந்தது. அழைத்தேன். மலாயில்தான் பேசினேன். எத்தனை பேர், எப்போது வருவீர்கள் என்று கேட்டுவிட்டு, "பங்சா அப்பா?" என்றார், என்ன இனம் என்று. இந்தியன் என்றேன். "ஆ... பாஸ், இப்பதான் ஒருத்தர் டெபாசிட் கட்டிட்டார்." கால் மணி நேரம் கழித்து என் ஆபீஸில் பக்கத்து மேசைச் சீன நண்பர் அதே எண்ணை அழைத்தார். வீடு காலியாம், இன்றைக்கே வந்து பார்க்கலாமாம், ஏர்கண்டிஷனரும் புதுசாம். நண்பருக்கு முகமே சரியில்லை. எனக்கு அன்றைக்கு மதியம் தே தாரே டீ வாங்கிக் கொடுத்தார், பாவம்.

எனக்கு அந்தச் சிங்கப்பூர் விழுக்காட்டு எண்ணே தேவலை என்றுதான் தோன்றுகிறது. 87 என்று எழுதி வைத்திருந்தால் அது தப்பு என்று எம்பியிடம் போய்ச் சண்டையாவது போடலாம். "டெபாசிட் கட்டிட்டார்" என்கிறவனிடம் எதைக் காட்டிச் சண்டை போடுவது?

பினாங்குப் பையன்:

அண்ணே, சிங்கப்பூரைத் தங்கத்தட்டில் வைக்காதீங்க. அந்த இன அளவு வீடு வாங்க விற்கத்தான். வீட்டுக்காரரிடம் வாடகைக்கு எடுக்கக் கிடையாது. நான் ஜூரோங்கில் வேலை செய்தபோது அறை தேடி அழைத்த முதல் ஆறு பேரில் நாலு பேர் "இந்தியர் வேண்டாம்" என்று நேராகவே சொன்னார்கள். ஐந்தாவது ஒரு அம்மா, "கறி சமைப்பியா?" என்றார். மேகி மட்டும்தான் என்றேன். "மேகி கறியா?" என்றார். சத்தியமாக.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிறகு நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு முழு வீட்டை எடுக்கப் போனோம். முழு வீடாக வாடகைக்கு விட்டால் வெளிநாட்டினருக்கு என்று அங்கே இன்னொரு அளவு இருக்கிறது, 2014-இலிருந்து. புளோக்கில் 11 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. மலேசியருக்கு மட்டும் அந்தக் கணக்கு இல்லை. வீட்டுக்காரர் முதலில் "இந்தியாவா?" என்று இழுத்தார். ஐசியை (அடையாள அட்டையை) காட்டினேன். "ஓ, மலேசியா!" குரலே மாறிவிட்டது. அதே தோல், அதே பெயர், அட்டை மட்டும் வேறு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. எனக்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போன தஞ்சாவூர்ப் பையன் கீழே மின்தூக்கிக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

கெப்போங் வாசி:

எண் இருந்தால் தேவலையா? இங்கேயும்தான் எண் இருக்கிறது. பூமிபுத்ரா லாட் (மலாய்க்காரருக்கும் பூர்வகுடியினருக்கும் ஒதுக்கிய வீடு, மனை), அவர்களுக்கு விலையில் பூமிபுத்ரா கழிவு, எல்லாம் விழுக்காட்டோடுதான். என் அப்பா ஒரு மலாய்க்கார நண்பரிடம் வீடு வாங்கக் கைகுலுக்கி முடித்தார். பட்டாவைப் பார்த்தால் பூமி லாட். மாநில அரசு அனுமதி இல்லாமல் நமக்கு மாற்ற முடியாது. ஒன்றரை வருடம் காத்திருந்தார்கள், நடக்கவில்லை. இருவரும் இன்னும் நண்பர்கள். வீடு வேறு யாருக்கோ போய்விட்டது. எண்ணை எதிர்த்து யாரிடம் சண்டை போட்டீர்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள், சிரிப்பார்.

பட்டர்வொர்த் பாட்டி:

என் மகள்தான் தட்டச்சு செய்கிறாள். நான் 1984-இல் கல்யாணமாகி சிங்கப்பூரில் அங் மோ கியோவில் இருந்தவள். இந்தச் சட்டம் வருவதற்கு முன்னாலேயே எங்களுக்கு ஒரு பக்கம் சீனர், ஒரு பக்கம் மலாய்க்காரர்தான். எல்லா புளோக்கும் அப்படி இல்லை என்று அப்போதே சொல்வார்கள்.

சீனக் கிழவருக்கும் எனக்கும் இரண்டு வருடம் பேச்சே கிடையாது. காரணம் சாம்பிராணி. வெள்ளிக்கிழமை நான் புகை போட்டால் காரிடாரில் மூங்கில் கழியில் அவர் காயப்போட்ட சட்டையில் ஏறிவிடுமாம். சீனர்களின் ஏழாம் மாதம் இறந்தவர்களுக்காக அவர் தாள் எரித்தால் என் வாசலில் சாம்பல். சண்டை போட்டோம், புகார் கொடுக்கவில்லை. பிறகு எப்படியோ ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அவர் ஆறு மணிக்குக் கழியை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் நான் கரி பற்றவைப்பேன். அவர் தாள் எரிக்கும் நாளில் என் வாசல் பக்கம் ஒரு தகரத்தை நிறுத்திவைப்பார்.

வீடு விற்கும்போது நஷ்டப்பட்டவர் சொல்வதும் நியாயம்தான். பக்கத்து வீட்டில் வேறு இனத்தார் இருப்பதால் வரும் லாபம் ஊருக்கெல்லாம், விலை குறைவது மட்டும் அந்தப் பெண் தலையில் என்றால் எப்படி?

செந்தூல்காரன்:

பாட்டி, இதைத்தான் அக்காவும் சொன்னாள், இவ்வளவு அழகாக இல்லை. கொஞ்சம் கெட்ட வார்த்தையோடு. 2022-இல் இப்படி விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு வந்தது. செய்தியைப் படித்துவிட்டு அக்கா எனக்கு அனுப்பினாள், கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

கெப்போங்காரரே, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பினாங்குத் தம்பி, அந்தத் தஞ்சாவூர்ப் பையனிடம் ஏதாவது பேசினாயா?

அப்புறம் ஒரு விஷயம். அக்கா இப்போது இருக்கும் வீட்டு ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணமாம். செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் மூன்று அறை வீடு இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். மச்சானின் அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார், லிஃப்ட் ஒழுங்காக ஓடவேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவார்கள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.